கொல்லையிலும் கழனியிலும் மண்ணின் சூட்டை ஆண்டுக்கணக்கில் அளப்பது எப்படி? வேலூர் வட்டாரத்துக்கான முழு வழிகாட்டி

கத்திரி வெயிலில் "வேலூரில் 42 டிகிரி" என்று செய்தியில் சொல்வது காற்றின் சூடு. தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், பெட்டிக்குள், நிழலில் அளந்தது. விதை கிடப்பது அங்கே அல்ல. அதே பிற்பகலில் அணைக்கட்டுப் பக்கத்துச் செம்மண் கொல்லையில் (புன்செய் நிலத்தில்) மூடாக்கு இல்லாத மேல்மண் 60 டிகிரியை நெருங்கலாம். 5 செ.மீ. கீழே 40-ஐத் தாண்டலாம். அரை மீட்டர் ஆழத்திலோ பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசமே தெரியாது. முளைப்பு, வேர் ஓட்டம், வேர்முடிச்சு நுண்ணுயிர், வேர்க்கடலையின் காய் மண்டலம், வேரழுகல் பூசணம் எல்லாம் இந்தச் சூட்டைப் பார்த்துத்தான் நடக்கின்றன. காற்றின் சூட்டைப் பார்த்து அல்ல.

ஒரு பருவம் அளந்தால் அந்தப் பருவம் மட்டும் தெரியும். ஐந்தாறு ஆண்டு விடாமல் அளந்தால், ஆடிப்பட்டத்தில் எந்த மழைக்குப் பிறகு மேல்மண் விதைப்புக்கு ஆறுகிறது, கரும்புச் சோகை மூடாக்கு எத்தனை டிகிரி குறைக்கிறது, வாய்க்கால் பாசனத்தை விட்டுச் சொட்டுநீருக்கு மாறியபின் வேர் மண்டலம் எப்படி மாறியது என்பதெல்லாம் உங்கள் நிலத்தின் எண்களாகவே கையில் இருக்கும். ஒரு நிபந்தனை உண்டு. முதல் ஆண்டு அளந்ததும் ஆறாம் ஆண்டு அளப்பதும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். இந்த வேலையில் கெட்டுப்போகும் பதிவுகளில் பெரும்பாலானவை சென்சார் மோசம் என்பதால் கெடுவதில்லை. ஆழம் மாறியது யாருக்கும் தெரியாமல் போனதால்தான் கெடுகின்றன.

ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம்

பகலில் மேல்மண் வாங்கும் சூடு ஓர் அலையாகக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்கச் சுருங்குகிறது, தாமதமும் ஆகிறது. அலையின் உயரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும் ஆழத்தைத் தணிப்பு ஆழம் என்பார்கள். காய்ந்த மணலில் அது 8 செ.மீ. அளவிலும், ஈரமான செம்மண்ணில் 12 முதல் 15 செ.மீ. அளவிலும் இருக்கும். 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். தரைமட்டத்தில் சராசரிக்கு மேலும் கீழும் 15 டிகிரி ஆடினால், 5 செ.மீ.யில் சுமார் 10, 10 செ.மீ.யில் 6.5, 20 செ.மீ.யில் 3, 50 செ.மீ.யில் கால் டிகிரிக்கும் குறைவு.

இதிலிருந்து வரும் முடிவைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 5 செ.மீ. ஆழத்தில், உச்சி வெயில் நேரத்தில், ஒரு செ.மீ. மேலே போனாலோ கீழே போனாலோ காட்டும் சூடு ஏறக்குறைய 0.8 டிகிரி மாறும். நல்ல சென்சாரின் பிழையே அரை டிகிரிதான். கோடை மழை இரண்டு செ.மீ. மேல்மண்ணை அடித்துக்கொண்டு போனால், உங்கள் பதிவில் பகல் உச்சம் ஒன்றரை டிகிரிக்கு மேல் "ஏறியிருக்கும்". மண் சூடாகவில்லை, சென்சார் மேலே வந்திருக்கிறது. அதைப் பருவநிலை மாற்றம் என்று எழுதிவிடக் கூடாது.

தாமதத்தையும் கவனியுங்கள். தரை ஒரு மணிக்கு உச்சம் தொட்டால், 20 செ.மீ. இரவு ஏழு, ஏழரைக்குத்தான் தொடும். ஆண்டு அலையும் இதே கணக்குத்தான், ஆனால் அதன் தணிப்பு ஆழம் சுமார் 19 மடங்கு பெரியது, இரண்டு மீட்டருக்கு மேல். அதனால் ஒரு மீட்டர் ஆழத்தில் கோடை உச்சம் மூன்று நான்கு வாரம் பிந்தி வரும். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதும் இதனால்தான்.

எந்த ஆழங்கள்

உலக வானிலை அமைப்பு பரிந்துரைக்கும் ஆழங்கள் 5, 10, 20, 50, 100 செ.மீ. இவற்றையே வையுங்கள். உங்களுக்கு 7 செ.மீ. வசதியாக இருக்கிறது என்று மாற்றினால் நாளை வேறு யாருடைய பதிவோடும் ஒப்பிட முடியாது. கை இறுக்கம் என்றால் 5, 20, 50 மூன்றும் போதும். 100 செ.மீ. சென்சார் பயிருக்கு நேரடியாக உதவாது. ஆனால் நாள்தோறும் ஆடாத அந்த எண்தான் பத்தாண்டு மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும். முடிந்தால் விடாதீர்கள்.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் செம்மண் கொல்லைகளில் பல இடங்களில் முக்கால் மீட்டருக்குள் சரளையோ மக்கிய பாறையோ தட்டும். கடப்பாரை போட்டு ஒரு மீட்டர் வரை உடைத்து இறக்க வேண்டியதில்லை. உடைத்த பாறையைத் திரும்ப அடைத்தால் இடைவெளி விழுந்து மழைநீர் அதில் இறங்கும், எண் கெடும். எங்கே தட்டுகிறதோ அங்கேயே நிறுத்தி, அந்த ஆழத்தைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். பாலாற்றுப் படுகை ஓரத்து வண்டல் நிலங்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே குழியின் பக்கம் சரிவதுதான் தொல்லை.

இடம்

நிலத்தின் பெரும்பகுதியைப் போலவே இருக்கும் இடம் வேண்டும். வரப்பிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் குறைந்தது 5 மீட்டர் உள்ளே. புளி, வேம்பு, தென்னை நிழல் காலையிலோ மாலையிலோ விழாத தூரத்தில். நிழலை ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தை மாதம் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது நிழல் வடக்கே நீளும், ஆனியில் அது மறைந்துவிடும். களம், கோழிக்கொட்டகை, எருக்குழி, மோட்டார் கொட்டகை அருகே வேண்டாம். குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் மண் தானாகவே சூடாகும்.

ஓர் இடத்தில் மட்டும் வைப்பதைவிட இரண்டு இடம் நல்லது. ஒன்று பயிர்ப் பாத்தியில். மற்றொன்று எதுவும் விதைக்காமல், களை எடுத்து, தண்ணீர் பாய்ச்சாமல் வெறுமையாக வைக்கும் 2 மீட்டருக்கு 2 மீட்டர் சதுரத்தில். இந்த வெறும் சதுரம்தான் ஒப்பீட்டுக் கல். பயிர்ப் பாத்தியில் ஒரு டிகிரி மாறியது பயிரால் வந்ததா, வானிலையால் வந்ததா என்று சொல்ல இது இல்லாமல் முடியாது.

நெல் கழனியில் நிலையம் வைப்பதானால், சேறடிக்கும் கேஜ் வீல் 15 முதல் 20 செ.மீ. வரை கலக்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். 5 செ.மீ., 10 செ.மீ. என்பது அங்கே நடவு முடிந்து சேறு படிந்த பிறகுதான் பொருள்படும். நீண்டகாலப் பதிவுக்குக் கழனியைவிடப் புன்செய்க் கொல்லையே தோது.

பொருட்கள்

எளிதில் கிடைப்பதும் நம்பத்தக்கதும், சூட்டை அளக்கும் டிஎஸ்18பி20 சில்லு வைத்த துருப்பிடிக்காத எஃகுக் குழல் சென்சார். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை பிழை அரை டிகிரிக்குள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உள்ளிருப்பதால் மூன்றே கம்பியில் பலவற்றை மாட்டலாம். சந்தையில் போலிச் சில்லுகள் மலிந்து கிடக்கின்றன. ஐந்து வேண்டுமென்றால் எட்டு வாங்கி, கீழே சொல்லும் ஐஸ் சோதனையில் தேறாதவற்றைக் கழித்துவிடுங்கள்.

பதிவு செய்ய 3.3 வோல்ட் ஆர்டுயினோ ப்ரோ மினி என்னும் சிறு கணினிப் பலகை, எஸ்டி கார்டு பலகை, டிஎஸ்3231 கடிகாரப் பலகை. டேட்டா கம்பிக்கும் மின் கம்பிக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று; கம்பி 15, 20 மீட்டர் நீண்டால் 2.2 கிலோ ஓம். ஒரு 18650 லித்தியம் பேட்டரி. தூசியும் நீரும் புகாத ஐபி65 தரப் பெட்டி, கம்பி நுழையும் ஓட்டையை இறுக்கி அடைக்கும் கேபிள் கிளாண்ட், சிலிக்கா ஜெல் பொட்டலம். சூடு காட்டினால் சுருங்கி இறுகும், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய். கம்பி போக 25 மி.மீ. எச்டிபிஇ குழாய். 10 மி.மீ. இரும்புக் கம்பித் துண்டு 75 செ.மீ. நீளத்தில் ஒன்று. தார்ப்பாய் இரண்டு, ரசமட்டம், எஃகு ஸ்கேல், ஒரு மீட்டர் நேர்ச்சட்டம்.

மின்னணு வேலை கைவராதவர்கள் ஆயத்த டேட்டா லாக்கர் (எண்களைத் தானே பதியும் கருவி) வாங்கலாம். அதுவும் வேண்டாமென்றால் வளைந்த தண்டு மண் வெப்பமானிகளை 5, 10, 20 செ.மீ.யில் நட்டு, காலை 7, பிற்பகல் 2 மணிக்குக் கண்ணால் படித்து நோட்டில் எழுதலாம். வேளாண் வானிலை நிலையங்களில் காலங்காலமாக நடந்துவரும் முறை அது. நாள் தவறாமல் எழுதினால் அதன் மதிப்பு எந்த லாக்கருக்கும் குறைவில்லை.

புதைக்கும் முன்

ஒருமுறை புதைத்ததை மறுபடி தோண்டிப் பார்க்க முடியாது. ஆகவே இந்தச் சோதனைகளை விட்டுவிடாதீர்கள்.

வாய் அகன்ற பிளாஸ்கில், ஆர்ஓ தண்ணீரில் செய்த ஐஸை நன்றாகப் பொடித்து நிரப்புங்கள். இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் குளிர்ந்த ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் மிகுந்து ஐஸ் மிதந்தால் அடியில் 0 டிகிரி இருக்காது, 2, 3 டிகிரி கூடக் காட்டும். எல்லாச் சென்சார்களையும் ரப்பர் பேண்டால் ஒன்றாகக் கட்டி நடுவே இறக்கி, 15 நிமிடம் கிளறிக்கொண்டே இருந்து, பிறகு ஒவ்வொன்றிலும் 20 அளவுகள் எடுத்துச் சராசரி பாருங்கள். 0.5-க்கு மேல் விலகினால் தள்ளிவிடுங்கள். 0.5-க்குள் இருந்தால் அந்த விலகலை அந்தச் சென்சாரின் தனி எண்ணோடு எழுதி வையுங்கள். பின்னர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அடுத்து 40 டிகிரி வாக்கில் வெந்நீரில், சான்றளித்த வெப்பமானியோடு சேர்த்து இதே சோதனை. நம் மண் ஆண்டில் பாதி நாள் 30-க்கு மேல் இருப்பதால், ஐஸ் சோதனை மட்டும் போதாது.

பிறகு நீர்ச் சோதனை. குழலும் கம்பியும் சேரும் இடம்தான் இந்தச் சென்சார்களின் பலவீனம். அங்கே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் 5 செ.மீ. நீளத்துக்கு ஏற்றி, வாளித் தண்ணீரில் இரண்டு நாள் போடுங்கள். நடுவே வெந்நீரும் குளிர்ந்த நீருமாக மாற்றுங்கள். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போதுதான் உள்ளே நீரை உறிஞ்சும். சும்மா ஊறப்போட்டால் இந்தக் குறை தெரியாது.

கம்பி இணைக்கும் இடங்களைச் சால்டர் வைத்து, அதன் மேல் பசைக் குழாய் ஏற்றுங்கள். இன்சுலேஷன் டேப் மண்ணுக்குள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

குழி

அவசரப்படக் கூடாத வேலை இதுதான். விதைப்புக்கு முன், மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது தோண்டுங்கள். உருட்டினால் உருண்டையாகி, தட்டினால் உதிரும் பதம். காய்ந்து இறுகிய மண்ணில் குழியின் சுவர் நொறுங்கும், சேற்றில் சுவர் வழுவழுப்பாக இழைந்துவிடும்.

முதலில், சென்சார் இருக்கப்போகும் பக்கம் எது என்று முடிவு செய்து அந்தப் பக்கத்து மண்ணை யாரும் மிதிக்காமல் ஒரு கயிறு கட்டுங்கள். எதிர்ப் பக்கத்தில் நின்று 60 செ.மீ.க்கு 60 செ.மீ. வாயும் 110 செ.மீ. ஆழமுமாகக் குழி எடுங்கள். எடுக்கும் மண்ணை அடுக்கு அடுக்காகத் தார்ப்பாயில் தனித்தனிக் குவியலாக வையுங்கள்: மேலே 20 செ.மீ. ஒன்று, அடுத்த 30 ஒன்று, மீதி ஒன்று. நிழலில் மூடி வையுங்கள், காயக் கூடாது. சென்சார் பக்கத்துச் சுவரைக் களைக்கொத்தால் செங்குத்தாகச் செதுக்குங்கள்.

குழிவாயின் குறுக்கே நேர்ச்சட்டத்தை வைத்து ரசமட்டம் பாருங்கள். எல்லா ஆழமும் சட்டத்தின் கீழ் விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும். அது உட்காரும் இடத்தில் கல்லோ புல்லோ தூக்கி நிறுத்தினால் எல்லா ஆழமும் ஒரே அளவு தவறும்.

சென்சாரைச் சுவருக்குள் படுக்கைவாட்டில் செலுத்துங்கள். செங்குத்தாக நட்டுவிடக் கூடாது. குழல் 5 செ.மீ. நீளம். செங்குத்தாக நின்றால் 5 செ.மீ. ஆழ வித்தியாசத்தைக் கலந்து காட்டும், 5 செ.மீ. சென்சாருக்கு அது பெரும் பிழை. அதே விட்டமுள்ள, அல்லது அரை மி.மீ. குறைந்த, கூர் தீட்டிய கம்பியால் 25 செ.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு, சென்சாரை அதன் கடைசி வரை தள்ளுங்கள். மண் இறுகப் பிடிக்க வேண்டும். லூசாக ஆடினால் குழலைச் சுற்றிக் காற்று இருக்கும், காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது. அதே அடுக்கு மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் துளைக்குள் ஊற்றிவிட்டுத் தள்ளினால் இந்தக் குறை தீரும்.

கீழிருந்து மேலாக வையுங்கள்: 100, 50, 20, 10, 5. ஒன்றுக்கு நேர் மேலே இன்னொன்று வராமல் 10 செ.மீ. பக்கவாட்டில் விலக்குங்கள். கம்பி சுவரிலிருந்து வெளியே வந்ததும் நேரே மேலே ஏற்றாதீர்கள். செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும். மேலே வெயிலில் காயும் கம்பி, கீழே சென்சாருக்குச் சூட்டைக் கொண்டுவரும். சென்சார் இருக்கும் அதே ஆழத்தில் கம்பியை அரை மீட்டராவது படுக்கவிட்டு, பிறகு சற்றுக் கீழே தாழ்த்தி, அப்புறம் மேலே கொண்டு போங்கள். அந்தத் தாழ்வு, கம்பி வழியாக வழிந்துவரும் மழைநீரைச் சென்சாரை எட்டாமல் நிறுத்தும்.

கம்பிகளை எச்டிபிஇ குழாய்க்குள் கோத்து, 50 செ.மீ.க்குக் கீழே வாய்க்கால் வெட்டி வரப்பு வரை கொண்டு போங்கள். இரு முனைகளையும் பழைய துணியும் சிலிகோனும் வைத்து அடையுங்கள். திறந்த குழாயில் எலி குடியேறும், பெருச்சாளி கம்பியைக் கடித்துத் துண்டாக்கும், மழையில் அதுவே நீர் ஓடும் வாய்க்காலாகும்.

மூடும்போது எடுத்த வரிசைக்கு எதிர் வரிசை. 10 செ.மீ. மண் போட்டு, கட்டையால் இடித்து, மறுபடி 10 செ.மீ. எடுத்த மண் அத்தனையும் உள்ளே போக வேண்டும். ஒரு கூடை மிஞ்சினால் இறுக்கம் போதவில்லை என்று பொருள், மீண்டும் எடுத்து இடியுங்கள். மேலே குவியல் விடாதீர்கள், மட்டமாக முடியுங்கள்.

கடைசியாக, குறிக்கம்பி. 75 செ.மீ. இரும்புக் கம்பியை, சென்சார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, தரைக்கு மேல் சரியாக 10 செ.மீ. நிற்கும்படி அடித்து இறக்குங்கள். மாதம் ஒருமுறை அதன் முனையிலிருந்து மண் வரை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். 12 என்று வந்தால் இரண்டு செ.மீ. மண் போய்விட்டது, 8 என்றால் மண் சேர்ந்திருக்கிறது. முழு நிலையத்திலும் மலிவான பொருள் இதுதான், ஆனால் இது இல்லாமல் மற்ற எண்கள் எதையும் நம்ப முடியாது.

புதைத்த முதல் மூன்று நான்கு வாரம், அல்லது இரண்டு நல்ல மழை வரை, வரும் எண்களைப் "படியும் காலம்" என்று குறித்துத் தனியாக வையுங்கள்.

உழவு

கல்டிவேட்டரும் ரொட்டவேட்டரும் 15 செ.மீ. வரை போகும், சட்டிக்கலப்பை 20-ஐத் தாண்டும். இறுகிய செம்மண்ணில் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை ஓட்டும் உளிக்கலப்பை 40 செ.மீ. வரை கிழிக்கும். 50, 100 செ.மீ. சென்சார்கள் நிரந்தரமாகக் கீழேயே இருக்கட்டும். 5, 10, 20 மூன்றையும் தனிக் கம்பியில், பிளக் வைத்துக் கழற்றும்படி அமையுங்கள். உழவுக்கு முதல் நாள் எடுத்துவிட்டு, கடைசி உழவும் பரம்படிப்பும் முடிந்தபின் 25 செ.மீ. ஆழச் சிறு குழி வெட்டி, மேலே சொன்னபடியே சட்டம் வைத்து மறுபடி வையுங்கள். வெறும் சதுரத்தில் உழவே இல்லை. அங்கே ஐந்தும் நிரந்தரம்.

டிராக்டர் ஓட்ட வருபவர் மாறிக்கொண்டே இருப்பார். நிலையத்தின் நான்கு மூலையிலும் ஆளுயரக் கம்பு நட்டுத் துணி கட்டுங்கள். வாயால் சொல்லி வைத்தது அந்த நாளில் நினைவிருக்காது.

மேட்டுப்பாத்தியில் கத்தரி, தக்காளி என்றால் ஆழத்தை மேட்டின் தலையிலிருந்து அளந்து, செடிக்கும் செடிக்கும் நடுவில் வையுங்கள். சொட்டுவாய்க்கு நேர் கீழே வைத்தால் தண்ணீரின் சூட்டையே அளப்பீர்கள். சொட்டுவாயிலிருந்து 15 செ.மீ. விலக்கி, அந்தத் தூரத்தை எழுதி வையுங்கள், ஆண்டுதோறும் அதே தூரம்.

லாக்கரும் மின்சாரமும்

15 நிமிடத்துக்கு ஓர் அளவு போதும். ப்ரோ மினி பலகையில் எரியும் சிறு மின்விளக்கை நீக்கி, அளவுக்கு அளவு இடையே தூங்கவிடுங்கள். ஒரு அளவுக்கு 3 வினாடி விழித்து 20 மில்லியாம்ப் எடுத்தால் நாளுக்கு 1.6 மில்லியாம்ப் மணி. தூக்கத்தில் எஸ்டி கார்டோடு சேர்த்து 0.2 மில்லியாம்ப் என்றால் இன்னொரு 4.8. ஆக மொத்தம் 6.4. நல்ல 2600 மில்லியாம்ப் மணி பேட்டரியின் 70 விழுக்காட்டை நம்பினால் ஒன்பது மாதம் வரும். ஆறு மாதத்தில் மாற்றிவிடுங்கள். சோலார் பலகை தேவையில்லை, அது கண்ணில் பட்டுக் களவு போகும்.

டிஎஸ்3231 பலகை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பரவலாக விற்கும் மலிவுப் பலகைகளில் பொத்தான் பேட்டரியை மின்னேற்றும் ஒரு சுற்று இருக்கிறது. அதில் மின்னேற்றக் கூடாத சாதா சிஆர்2032 போட்டால் அது உப்பி ஒழுகும். அந்தச் சுற்றிலுள்ள 200 ஓம் ரெசிஸ்டரைச் சால்டர் முனையால் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

பெட்டியை வரப்பில், வடக்குப் பக்கம் பார்த்து, கம்பத்தில் ஒரு மீட்டர் உயரத்தில் கட்டி, மேலே ஒரு தகர நிழல் கொடுங்கள். லித்தியம் பேட்டரிக்குக் கத்திரி வெயில் நேரே படக் கூடாது. கிளாண்ட் எப்போதும் பெட்டியின் அடியில். ஓட்டை எங்கே இருந்தாலும் எறும்பு முட்டையிடும், விளிம்பில் சிலிகோன் தடவுங்கள்.

ஆழச் சென்சார்களையும் மேல் சென்சார்களையும் ப்ரோ மினி பலகையின் வெவ்வேறு கால்களில் (பின்களில்) மாட்டுங்கள். ஒரே கம்பியில் எல்லாம் இருந்தால், ஒரு சென்சாருக்குள் நீர் புகுந்ததும் ஐந்தும் ஊமையாகிவிடும்.

எண்கள் கெடும் விதங்கள்

சரியாக 85.0 டிகிரி வந்தால் அது சூடு அல்ல. சில்லு அளந்து முடிக்கும் முன் படித்துவிட்டீர்கள் அல்லது மின்சாரம் தடைபட்டது. முழுத் துல்லியத்தில் அளக்க அதற்கு 750 மில்லி வினாடி வேண்டும். மைனஸ் 127 என்றால் தொடர்பு அறுந்தது: பிளக், எலி, அல்லது ஈரம். மழைக்குப் பின் மட்டும் வந்து வெயிலில் மறைந்தால் ஈரம்தான்.

50 செ.மீ. சென்சார் ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் குதித்தால் மண் அப்படிச் செய்யாது. பாய்ச்சலோ பெருமழையோ பெய்த நேரத்தில் குதித்திருந்தால், அடைத்த குழி வழியாகத் தண்ணீர் ஓடுகிறது, இடித்தது போதவில்லை. மேலே களிமண் வைத்து மறுபடி இடியுங்கள்.

எந்தச் சென்சாரும் மெதுவாக விலகுவதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. முழு ஆண்டின் சராசரியை ஒவ்வொரு ஆழத்துக்கும் எடுங்கள். எல்லா ஆழமும் ஏறக்குறைய ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் ஆண்டுக்காண்டு விலகிப் போனால் அது சென்சாரின் நோய்.

இரண்டு சென்சார்களுக்கு இடையிலுள்ள ஆழ வித்தியாசம் மாறியதா என்று எண்களிலிருந்தே பார்க்கவும் முடியும். மழையில்லாத, மேகமில்லாத மாசி, பங்குனி நாட்களில் ஐந்தாறைத் தேர்ந்தெடுத்து, 5 செ.மீ.யிலும் 20 செ.மீ.யிலும் ஒரு நாளின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். 5-இல் 14 டிகிரி, 20-இல் 4 டிகிரி என்று வைப்போம். 14-ஐ 4-ஆல் வகுத்தால் 3.5, அதன் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) 1.25. ஆழ வித்தியாசம் 15 செ.மீ.யை 1.25-ஆல் வகுத்தால் தணிப்பு ஆழம் 12 செ.மீ. வெறும் சதுரத்தில் இந்த எண் ஆண்டுதோறும் அதே வறண்ட பருவத்தில் ஏறக்குறைய மாறாமல் வர வேண்டும். 12 என்று இருந்தது 10 என்று ஆனால், ஒரு சென்சார் மட்டும் நகர்ந்திருக்கலாம், அல்லது மண்ணின் ஈரமோ இறுக்கமோ மாறியிருக்கலாம். மேல்மண் அரித்துப் போனால் இரண்டு சென்சாரும் ஒரே அளவு மேலே வருவதால் இந்த எண் மாறாது, அதைக் குறிக்கம்பிதான் காட்டும்.

பதிவேடு

லாக்கர் கோப்பில் ஒவ்வொரு வரியிலும் ஆண்டு-மாதம்-நாள், 24 மணி நேர முறையில் நேரம், சென்சாரின் தனி எண், திருத்தாத அளவு. திருத்தம் எல்லாம் வேறு கோப்பில்தான். மூலக் கோப்பைத் தொடவே கூடாது.

இதற்கு இணையாக ஒரு கெட்டி அட்டை நோட்டு. உழவு, விதைப்பு, களை, பாய்ச்சல், மூடாக்கு போட்டது, எடுத்தது, குறிக்கம்பி அளவு, பேட்டரி மாற்றிய நாள் எல்லாம் நாள், நேரத்தோடு. மழையைத் தினமும் காலை 8.30-க்கு மழைமானியில் படித்து எழுதுங்கள். நாடு முழுவதும் வானிலைத் துறை மழை அளக்கும் நேரம் அதுவே என்பதால், வேலூர், திருப்பத்தூர் நிலையங்களின் எண்களோடு நேரே ஒப்பிடலாம். மாதம் இருமுறை 20 செ.மீ. மண் ஒரு கைப்பிடி எடுத்து ஈரம் பாருங்கள்: எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் காயவைத்து, மறுபடி எடை. ஈரம் தெரியாவிட்டால் சூடு ஏன் மாறியது என்று பாதிதான் சொல்ல முடியும்.

எண்ணைப் பயிருக்குக் கொண்டு போவது

மல்லாட்டைக்கு (வேர்க்கடலைக்கு), மண் 18 டிகிரிக்குக் கீழே போனால் முளைப்பு பிந்தும். வேலூர்ச் சமவெளியில் அது அரிது. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் மார்கழி விடியலில் பார்க்க வேண்டிய எண். சமவெளியில் கவலை மறுபக்கம்: ஆடியில் மழை தவறிய கொல்லையில் 5 செ.மீ. 40-ஐத் தாண்டும் நாட்களில் ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிர் கலந்த விதையை இட்டால் நுண்ணுயிர் பெரும்பகுதி மடிந்துவிடும். மழைக்குப் பின் பிற்பகல் உச்சம் இறங்குவதைப் பதிவில் பார்த்து விதையுங்கள். அறுவடைக்கு முந்தைய நான்கு முதல் ஆறு வாரம் வறட்சியும், காய் மண்டலத்தில் சராசரி 26 முதல் 31 டிகிரியும் சேர்ந்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும் பூசணத்துக்கு ஏற்ற சூழல். அந்த வாரங்களில் 5 செ.மீ. எண்ணையும் மண் ஈரத்தையும் சேர்த்தே பாருங்கள், ஒரு பாய்ச்சல் கொடுக்க முடிந்தால் அப்போது கொடுங்கள்.

இலவம்பாடி முள்ளுக்கத்தரி போடுபவர்கள் நாற்றங்கால் மேடையைச் சித்திரை வெயிலில் சூரிய வெப்பமூட்டம் (வெயில் சூட்டாலேயே மண்ணிலுள்ள பூசணத்தைக் கொல்வது) செய்யும்போது இந்தச் சென்சார் நேரடியாகவே உதவும். மேடையை நன்றாக நனைத்து, 25 முதல் 50 மைக்ரான் நிறமற்ற பாலிதீன் போட்டு, ஓரங்களை மண்ணால் அடைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். கறுப்புத் தாள் வேண்டாம், அது சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். 5 செ.மீ.யில் தினமும் சில மணி நேரம் 45-க்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் தாள் எங்கோ கிழிந்திருக்கிறது, அல்லது மண் காய்ந்துவிட்டது.

மூடாக்கின் பலனைப் பார்க்கும்போது சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சோகை மூடாக்கு பகல் உச்சத்தைக் குறைக்கும், இரவுத் தாழ்வை உயர்த்தும். சராசரி சிறிதே மாறும். வேருக்கு வித்தியாசம் உச்சத்தில்தான். இது பற்றி உங்கள் எண்களோடு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்ப் பேசலாம். வெறுங்கையோடு போவதைவிட ஓர் ஆண்டுப் பதிவோடு போனால் கிடைக்கும் ஆலோசனை வேறு மாதிரி இருக்கும்.

சென்சாரை மாற்றும்போது

ஐந்தாறு ஆண்டில் சில சென்சார்கள் போகும். பழையது முழுதாகச் சாகும் வரை காத்திருக்காதீர்கள். முதல் கோளாறு தெரிந்ததும் அதே ஆழத்தில், 30 செ.மீ. தள்ளி, சோதித்த புதிய சென்சாரை வையுங்கள். இரண்டும் சேர்ந்து மூன்று மாதமாவது ஓடட்டும், அதில் ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் வந்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் உள்ள சராசரி வித்தியாசத்தைக் கணக்கிட்டு, புதியதன் தனி எண்ணோடு நோட்டில் எழுதிய பிறகே பழையதை நிறுத்துங்கள். சென்சாரையும் லாக்கரையும் ஒரே மாதத்தில் மாற்றாதீர்கள். எண் குதித்தால் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எஸ்டி கார்டை மாதம் ஒருமுறை படியெடுங்கள்: ஒன்று வீட்டுக் கணினியில், ஒன்று பென்டிரைவில், ஒன்று இணையத்தில். நோட்டின் பக்கங்களையும் அப்போதே செல்போனில் படம் பிடித்து அதே கோப்புறையில் போடுங்கள். குழியின் வரைபடம், ஒவ்வொரு சென்சாரின் ஆழம், தனி எண், ஐஸ் சோதனை விலகல், குறிக்கம்பியின் இடம் இவற்றை ஒரே தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு, லாக்கர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.